தவளை தானே வரும், மீன் விடாதீர்கள்!

இரவு பதினொன்றரை மணிக்கு எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து போன். “தம்பி, உங்க மோட்டார் ரொம்ப நேரமா ஓடிக்கிட்டிருக்கு. டேங்க் வழியப் போகுது, ஆஃப் பண்ணுங்க.”

எழுந்து போய்ப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஆனால் சத்தம் பொய்யில்லை. கொல்லைப்புறக் கதவைத் திறந்ததும் இன்னும் பலமாகக் கேட்டது. ‘கர்ர்ர்ர்’ என்று நீளமாக ஓர் இழுப்பு, மூச்சு வாங்கச் சின்ன இடைவெளி, மறுபடியும் ‘கர்ர்ர்ர்’. டார்ச் அடித்தேன். தொட்டியின் சரிவில், இடுப்பளவு தண்ணீரில், தொண்டையைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு ஒரு சொறித்தவளை உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் வாயை மூடிக்கொண்டது. இரண்டு அடி தள்ளி, வல்லாரைக்குள் இருந்த இன்னொன்று கவலையே படாமல் தொடர்ந்தது.

திரும்பப் போன் செய்து, “மோட்டார் இல்லைங்கம்மா, தவளை” என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. “தவளையா? அதுக்கா அவ்வளவு செலவு பண்ணித் தொட்டி கட்டினீங்க?”

ஆமாம், அதற்குத்தான் கட்டினேன்.

கூடுவாஞ்சேரியைத் தாண்டிச் செங்கல்பட்டுப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் மனை. மூலப் பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி, பிறகு கல் நட்டு, தார் ரோடு போட்டு, நகர் என்று பெயர் வைத்து, எங்களைப் போன்றவர்களுக்கு விற்கப்பட்டது. வயல் போனாலும் தவளை உடனே போய்விடவில்லை. ரோட்டோரப் பள்ளத்திலும், பாதியில் நின்ற வீட்டின் அஸ்திவாரக் குழியிலும் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பள்ளம் தூர்ந்தது, குழிக்கு கான்கிரீட் வந்தது. ஒரு ஐப்பசியில், மழை கொட்டி ஓய்ந்த இரவு, சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. மழை பெய்து முடித்தபின் தவளை கத்தாத இரவு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏதோ வீட்டில் யாரோ ஊருக்குப் போயிருப்பது போல இருந்தது.

தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், ஆழமான இடத்தில் 2 அடி. ஒரு பக்கம் மட்டும் தரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. “சார், நாலு பேர் பார்த்தா மட்டம் பிடிக்கத் தெரியாத மேஸ்திரின்னு என்னைத்தான் திட்டுவாங்க” என்றார். நீல டைல்ஸ் பதித்தால் நீச்சல் குளம் மாதிரி ‘பளிச்’சென்று இருக்கும் என்று யோசனையும் சொன்னார். வழுக்கும் செங்குத்துச் சுவர் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தவளைக்குச் சமாதி என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு டீ நேரம் ஆனது. கடைசியில் சரிவு கட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டே. வேலை முடிந்து போகும்போது 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றைக் கொய்யா மரத்தடியில் விட்டுவிட்டு, “அப்புறமா வந்து எடுத்துக்கறேன் சார்” என்றார். அந்த வாளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சிமென்ட்டில் சுண்ணாம்பு கக்கும். அதனால் நிரப்பி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பி என்று சில வாரம் கழித்தோம். அடியில் ஆற்று மணலும் பழைய செங்கல் துண்டுகளும். வேலம்பாசி, கோரை, ஒரு அல்லிக் கிழங்கு, சரிவோரத்தில் வல்லாரையும் நீர்ப்பிரமியும். ஆகாயத்தாமரையும் வெங்காயத்தாமரையும் இலவசமாகக் கிடைக்கும், வேண்டவே வேண்டாம். ஒரு மாதத்தில் தண்ணீரின் முகத்தையே மூடிவிடும். பிறகு மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். அத்தோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். முடித்துக்கொள்ளத் தெரியவில்லை, அதுதான் என் முதல் தப்பு.

பத்து கப்பி மீன்

தொட்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “கொசு வராதா?” சிலர் பதிலையும் அவர்களே சொன்னார்கள். “ரெண்டு மீன் விட்டுடுங்க.” கொளத்தூருக்குப் போய்ப் பத்து கப்பி வாங்கிவந்து விட்டேன். கப்பியும் கம்பூசியாவும் கொசுப்புழுவைத் தின்னும், உண்மை. கம்பூசியாவின் சொந்த ஊர் அமெரிக்கா. கொசுவை ஒழிக்கத்தான் அதை 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் மீனுக்குக் கொசுப்புழு என்றும் தவளை முட்டை என்றும் வித்தியாசம் கிடையாது. வாயில் அடங்குவது எல்லாம் உணவு.

மீன் விட்ட பிறகு வந்த ஐப்பசியில், தவளைகளில் முதலில் வந்தது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு குட்டித் தவளை. முதுகில் யாரோ மையால் வரைந்தது போலக் கரும்பழுப்புக் கோலம். சின்னவாய்த் தவளை என்று புத்தகங்கள் சொல்லும். உடம்பு அவ்வளவுதான், குரலோ சீப்பின் பற்களை நகத்தால் வேகமாகத் தேய்த்தது போல நாலு வீடு கேட்கும். காலையில் பார்த்தால் தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காக, எண்ணெய் படர்ந்தது போல் முட்டைகள் மிதந்தன. நான் காபி குடித்துவிட்டு மகளைக் கூட்டிவந்து காட்டுவதற்குள் பாதியைக் காணவில்லை. மறுநாள் ஒன்றுகூட இல்லை. பத்து கப்பி அதற்குள் நாற்பது ஆகியிருந்தது.

அந்தப் பருவம் முழுக்க அப்படியே போனது. தவளை வரும், முட்டையிடும், மீன் தின்னும். தை மாதம் தொட்டியை இறைத்து, மீனைப் பிடித்து, கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் ஒரு பையனிடம் கொடுத்தேன். “ஏரியில விட்டுடட்டுமா அங்கிள்?” என்று கேட்டான். அங்கே இன்னும் பெரிய சேதம் ஆகும் என்று சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

தவளை ஏன் குளம் குட்டையை விட்டுவிட்டு மழையில் தேங்கும் பள்ளத்தைத் தேடுகிறது என்பதற்கும் விடை இதுவே. வற்றிப்போகும் நீரில் மீன் இருக்காது. வற்றுவதற்குள் வால் உதிர்த்து, கால் முளைத்து, கரையேறிவிட வேண்டும். அது ஒரு சூதாட்டம், கோடிக்கணக்கான வருடங்களாக ஜெயித்து வந்த சூதாட்டம். நாம் குட்டைக்கு மீனைக் கொண்டுவந்ததும் சீட்டுக்கட்டு மாறிவிடுகிறது.

தேரை எது, நுணல் எது?

மீன் போன மறுவருடம்தான் எதிர்வீட்டு அம்மா மோட்டார் என்று நினைத்த அந்த இரவு. சொறித்தவளை முட்டை மற்றதைப் போல இல்லை. கறுப்பு மணி கோத்த நீள நூலாக, பாசித் தண்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். சில நாளில் நூல் கரைந்து, எள்ளைக் கொட்டியது போலக் கறுப்புத் தலைப்பிரட்டைகள். அவை தனித்தனியாகத் திரிவதில்லை, கூட்டமாகவே நகரும். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ். கே. சைதாபூரும் அவருடைய சகாக்களும் இந்தத் தலைப்பிரட்டைகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே தாயின் முட்டையிலிருந்து வந்தவை உடன்பிறப்பை அடையாளம் கண்டு, அவற்றோடு சேர்ந்திருக்கவே விரும்புகின்றன என்று 2000-இல் எழுதினார்கள். கண்ணால் அல்ல, தண்ணீரில் கரைந்துவரும் வாசனையால். என் தொட்டியில் கிழக்கு மூலைக் கூட்டமும் அல்லிக் கூட்டமும் கலக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, பங்காளிச் சண்டை என்று வீட்டில் பேர் வைத்தோம்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் ‘தேரை’ என்றால் தரையில் திரியும் இந்தச் சொரசொரப்பான ஆள். எங்கள் பக்கம் இவர் சொறித்தவளை. தேரை என்று நாங்கள் சொல்வது, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து, சோப்பு எடுக்கக் கை நீட்டும்போது தோள்மேல் தாவுமே, அந்த மெலிந்த மரத்தவளையை. பருப்பில்லாத தேங்காய்க்கும் அதன் மேல்தான் பழி. ‘தேரை விழுந்த தேங்காய்’ என்போம். மரத்துக்குச் சத்துக் குறைவு, மகரந்தக் கோளாறு என்று ஆயிரம் காரணம் இருக்க, பாவம், பாளையில் குளிர்ச்சிக்கு ஒதுங்கிய ஜீவன் மாட்டிக்கொண்டது.

முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் காது கூர்மையானவர்கள். ஐங்குறுநூற்றில் முல்லை பாடிய பேயனார், கார்காலம் தொடங்கியதைச் சொல்ல நுணலையும் தேரையையும் தனித்தனியே குரல் கொடுக்கவிடுகிறார். இரண்டின் குரலும் ஒன்றில்லை என்று கேட்டுப் பழகியவர் செய்யும் காரியம் அது. தன் வாயால் கெடும் நுணலைப் பழமொழி நானூறு சொல்லும்போது, அது மணலுக்குள் ஒளிந்து கிடப்பதையும் சேர்த்தே சொல்கிறது. வாய்ச்சவடால்காரர்களைத் திட்டுவதற்கு மட்டும் அந்தப் பழமொழியை வைத்துக்கொண்ட நாம், மணலை மறந்துவிட்டோம். மண்ணுக்குள் புதையும் தவளைகள் இன்றும் நம் ஊரில் இருக்கின்றன. பின்னங்கால் அடியில் மண்வெட்டி போல ஒரு கெட்டியான புடைப்பு. உட்கார்ந்த வாக்கிலேயே பின்பக்கமாகத் தோண்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் ஆள் காணாமல் போய்விடும். கோடை முழுக்க உள்ளேயே இருந்துவிட்டு, நல்ல மழை இறங்கியதும் மேலே வரும். தோட்டத்தை மொத்தமாகச் சிமென்ட் பூசி மெழுகிவிட்டால் அதற்கு மேலே வர வழி ஏது? எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடம் மட்டும் சிமென்ட். மீதி மண்ணாகவே கிடக்கிறது, செருப்பில் ஒட்டுகிறது என்ற புகாரோடு.

கால் முளைப்பதைப் பார்ப்பதற்காகவே மகளும் அவள் தோழிகளும் ஒரு மாதம் தினமும் வந்தார்கள். பின்னங்கால் முதலில். பிறகு ஒரு நாள் முன்னங்கால் இரண்டும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பின் வரும் சில நாட்கள்தான் ஆபத்தானவை. பாசி சுரண்டித் தின்ற வாய், பூச்சி பிடிக்கும் வாயாக மாறுகிறது. நீளமான குடல் சுருங்குகிறது. அந்த நாட்களில் சாப்பாடே கிடையாது, வாலில் இருக்கும் சத்தையே உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். செவுளும் போய்விட்டது, காற்றுக்குக் கரையேறியே ஆக வேண்டும். ஏற முடியாத சுவராக இருந்தால் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். தவளை தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் சிரிப்பார்கள், செங்குத்தான தொட்டிகளிலும் உறைக்கிணறுகளிலும் ஒவ்வொரு மழைக்காலமும் நடப்பது அதுதான். மேஸ்திரி வேண்டாவெறுப்பாகக் கட்டிய அந்தச் சரிவில் ஒரு விடியற்காலை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சொறித்தவளைக் குஞ்சுகள் அணி அணியாக ஏறிக்கொண்டிருந்தன. அன்று யாரும் கொல்லைப்புறத்தில் நடக்கக் கூடாது என்று உத்தரவு. துணி காயப்போடவில்லை.

கரண்டியோடு வந்த அக்கா

டெங்கு சமயத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் எங்கள் தெருவுக்கும் வருவார். கையில் டார்ச், கரண்டி, அபேட் மருந்து. கேட் வழியாகத் தொட்டியைப் பார்த்ததுமே முகம் மாறியது. “என்ன சார், இவ்வளவு பெரிய தொட்டியைத் திறந்து போட்டு வச்சிருக்கீங்க? ஃபைன் போடுவாங்க.”

“நல்லாப் பாருங்கக்கா, புழு இருந்தா மருந்து ஊத்திடுங்க” என்றேன். வாய் தைரியமாகச் சொன்னதே தவிர, வயிறு கலங்கியது.

நாலு மூலையிலும் கரண்டி விட்டு மொண்டு பார்த்தார். தலைப்பிரட்டை வந்தது. தலைகீழாகப் படுத்து நீந்தும் பூச்சி வந்தது. சேற்று நிறத்தில் முரட்டுத்தனமாக ஒன்று வந்தது, தட்டானின் இளம்பருவம். கொசுப்புழு மட்டும் வரவில்லை. “அட” என்றார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தவர், ஜன்னல் மேலிருந்த மணி பிளான்ட் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு புழு நெளிந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தட்டிலும் அதே கதை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது நல்ல தண்ணீர், அதுவும் எதிரி இல்லாத தண்ணீர். தேங்காய் ஓடு, டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குட்டையில் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தட்டான் இளம்பருவத்துக்குக் கீழுதடு மடித்துவைத்த கை மாதிரி இருக்கும். இரை அருகில் வந்ததும் அது சட்டென்று நீண்டு கவ்விக்கொள்ளும். கொசுப்புழுவைத் தின்னும், தலைப்பிரட்டையையும் தின்னும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆக, என் தொட்டியில் கொசுவைக் கட்டுப்படுத்துவது தவளை என்று சொன்னால் அது பாதிப் பொய். பெரிய தவளை கொசுவைத் தேடித் தின்பதில்லை. கரையான், எறும்பு, கரப்பான், வண்டு என்று வயிறு நிரம்புகிற இரைதான் அதற்கு லாபம். கொசுவுக்கு எமன் தண்ணீருக்குள் இருக்கும் பூச்சிகளே. அவை இல்லாத, போன வாரம் கழுவி நிரப்பிய ‘சுத்தமான’ தொட்டியில் நிச்சயம் கொசு வரும். வாரம் ஒரு முறை குளத்தைக் கழுவுகிறவர்கள் வாரம் ஒரு முறை கொசுவுக்குத் தொட்டில் கட்டுகிறார்கள்.

தட்டான் வந்த தூரம்

தட்டானை நான் எதிர்பார்க்கவில்லை. தவளைக்காகக் கட்டிய தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிய சில நாட்களிலேயே முதலில் குடிவந்தது அதுதான். ஊசித்தட்டான்கள் வேலம்பாசி நுனியில் ஜோடியாக அமர்ந்து முட்டை வைக்கும். சிவப்புத் தட்டான் ஒன்று கோரையின் ஒரே தண்டைத் தன் நாற்காலியாக்கிக்கொண்டு, வேறு ஆண் வந்தால் துரத்தி அடித்துவிட்டு, அதே தண்டுக்குத் திரும்பும்.

ஆனால் புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், மைதானத்தின் மேல் கூட்டம் கூட்டமாக ஒரு மஞ்சள் பழுப்புத் தட்டான் பறக்குமே, உட்காரவே உட்காராமல், அதைப் பற்றிப் படித்த பிறகு என்னால் வெறுமனே கடந்துபோக முடியவில்லை. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம்மவர்கள் சொல்வது இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர்க் குட்டையே அபூர்வமான அந்தப் பவளத்தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் எப்படித் தட்டான்கள் திரளாக வந்திறங்குகின்றன என்று யோசித்தார். பல வருடங்கள் தேதி குறித்துவைத்தார். அவை இந்தியாவிலிருந்து காற்றோடு கிளம்பி, மாலத்தீவில் இளைப்பாறி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போவது அவற்றின் வாழ்க்கை. ஏனென்றால் அவற்றின் குஞ்சும் தவளைக் குஞ்சைப் போலவே, மீன் இல்லாத, சீக்கிரம் வற்றும் மழைக்குட்டையில்தான் வளர்கிறது. அதில் ஒன்று என் எட்டடித் தொட்டியில் வால் நுனியை ‘டக் டக்’ என்று தொட்டு முட்டையிட்டுவிட்டுப் போனது. அதன் பிள்ளை எந்தக் கடலைத் தாண்டப்போகிறதோ.

பாம்பு வரும்

இதை மறைத்து எழுதினால் கட்டுரை நாணயமாக இருக்காது. தவளை இருந்தால் பாம்பு வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாலை நேரம், ‘கீச்’ என்று குழந்தை அழுவது போலச் சத்தம். தண்ணீர்ப்பாம்பு ஒன்று, தொட்டியில் நிரந்தரமாகக் குடியிருந்த தத்துத் தவளையின் பின்னங்காலைக் கவ்வியிருந்தது. தட்டையான கல்லைத் தண்ணீர் மேல் எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போகிற தவளை அது. மகள், “விடச் சொல்லுப்பா” என்று அழுதாள். நான் கம்பை எடுக்கவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தவளைக்குச் சாப்பாடு போடுகிற தோட்டம் பாம்புக்கும் சாப்பாடு போடும், இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எந்த மேஸ்திரியாலும் கட்டித்தர முடியாது.

தண்ணீர்ப்பாம்புக்கும் சாரைக்கும் விஷம் இல்லை. ஆனால் சொறித்தவளையை நல்ல பாம்பும் தின்னும், அதனால் அசட்டுத் துணிச்சல் வேண்டாம். தொட்டி வீட்டு வாசற்படியிலிருந்து தள்ளி இருக்கட்டும். நடைபாதையில் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். சுவரோரம் செங்கல், விறகு, ஓடு என்று குவித்து வைக்காதீர்கள். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போக வேண்டாம். சிறு குழந்தை இருக்கும் வீடென்றால் வேலி போடுங்கள், இரண்டு அடி தண்ணீர் விளையாட்டில்லை. இதையெல்லாம் செய்தும் மனசு கேட்கவில்லையென்றால் தொட்டி வேண்டாம், மொட்டை மாடியில் பறவைக்கு ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள்.

விருந்தாளிகளில் எனக்குப் பிடித்தவர் குருட்டுக்கொக்கு. பெயர்தான் குருடு. சரிவில் கழுத்தை உள்ளிழுத்து அரைமணி நேரம் அசையாமல் நிற்பார், மண்ணோடு மண்ணாக. கொடிக்கயிற்றில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தி, மீன் இல்லாத வீட்டுக்கு ஏன் வருகிறது என்று விருந்தினர்கள் கேட்பார்கள். அது தவளை, பல்லி, வெட்டுக்கிளி எல்லாம் தின்னும். மத்தியானத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து குளித்துவிட்டுப் பெரிய சண்டை போடும்.

மெழுகுத் தட்டு

எங்கள் தலைமுறையில் பிளஸ் டூ விலங்கியல் படித்தவர்கள் தவளையை முதலில் நெருக்கமாகப் பார்த்தது மெழுகுத் தட்டில்தான். நாலு காலிலும் குண்டூசி. குளோரோஃபாம் நெடி. என் தட்டில் இருந்தது கைப்பிடி அளவு பெரிய, மஞ்சள் கோடு ஓடும் வயல் தவளை. ‘ஆண்டுக்கு இத்தனை’ என்று யாரோ ஒருவர் சாக்கில் கொண்டுவந்து கொடுப்பார். 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னது.

ஆய்வகத்துக்குப் போனதைவிட ஏற்றுமதிக்குப் போனது அதிகம். அதே பெருந்தவளையின் பின்னங்கால்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன்னாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. வயலில் பூச்சி தின்ற ஆளைக் காலை வெட்டி அனுப்பிவிட்டு, பூச்சிமருந்தைக் காசு கொடுத்து வாங்கினோம். 1985-இல் அந்த இனத்தின் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. முதல் பெருமழையில் ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீலப்பைகள் இரண்டு தொண்டையில் புடைக்க, வயல் வரப்பே அதிரக் கத்தும் காட்சியை என் அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெருந்தவளையை எங்கிருந்தாவது பிடித்துவந்து தொட்டியில் விடலாமா என்று எனக்கும் ஆசை வந்ததுண்டு. அந்தமானில் நடந்ததைப் படித்த பிறகு ஆசையை விட்டேன். நிலப்பகுதியிலிருந்து போன மீன் குஞ்சுகளோடு கலந்து அங்கே போய்ச் சேர்ந்த இந்தப் பெருந்தவளை, இப்போது தீவுக்குத் தீவு பரவி உள்ளூர்த் தவளைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலைப்பிரட்டையே மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும் சாதி. நோய் வேறு இருக்கிறது. உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் என்ற தோல் பூஞ்சைக்கு, ஒரு வாளித் தண்ணீரும் நாலு தலைப்பிரட்டையும் ஊர்விட்டு ஊர் போவது போதும். உலகின் நீர்நில வாழ்விகளில் 100-க்கு 41 அழியும் அபாயத்தில் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதனால் விலைக்கு வாங்கவும் வேண்டாம், பக்கத்துக் குட்டையிலிருந்து மொண்டு வரவும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் மழை இரவில் நடந்தே வரும்.

கையில் எடுத்துக் கொஞ்சவும் வேண்டாம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈர மண்ணில் அடிவயிற்றை அழுத்தி உட்கார்ந்து தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பங்கும் அந்தத் தோல் வழியாகத்தான். அப்படிப்பட்ட தோலில் நம் கையின் உப்பும் சானிடைசரும் கொசு கிரீமும் பட்டால் என்ன ஆகும்? சுவரோரப் புல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லியும் மழையோடு கடைசியில் தொட்டிக்குத்தான் வரும்.

சித்திரை வெயிலில் தொட்டி சாண் ஆழமாகிவிடும். முதல் வருடம் பதறிப்போய்க் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். இப்போது விட்டுவிடுகிறேன். மிகவும் வற்றினால் மட்டும் குளோரின் போக இரண்டு நாள் வெயிலில் வைத்த தண்ணீரை நாலு குடம் ஊற்றுவது. அல்லி கருகும், சேறு நாறும், எதிர்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதைத் தூத்துட்டு ரெண்டு தென்னை வைக்கலாமே தம்பி” என்பார். ஆடியில் ஒரு மழை விழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும். அம்மாவும் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு தட்டான் பார்க்க வருவார்.

குளியலறைத் தேரைக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அது முட்டையிடும் விதமே தனி. தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையிலோ கிளையிலோ உட்கார்ந்து, தன் உடம்பில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் முட்டை அடிப்பது போல அடித்து நுரையாக்கி, அந்த நுரைக்குள் முட்டைகளை வைத்துவிடும். வெளிப்பக்கம் காய்ந்து ஓடாகும், உள்ளே ஈரம் இருக்கும். சில நாளில் கீழ்ப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். அதற்கென்றே தொட்டிக்கு மேல் ஒரு செம்பருத்தியை வளைத்துக் கட்டி, இரண்டு மூங்கில் சாத்தி, கல்லில் ஒரு மேடை போட்டு, என்னென்னவோ செய்துவைத்தேன். வரவில்லை. சுவரில் இருக்கும், மோட்டார் பெட்டிக்குள் இருக்கும், துடைப்பத்தில் இருக்கும், ராத்திரி ‘டொக், டொக்’ என்று கதவைத் தட்டுவது போலக் குரல் கொடுக்கும். தொட்டிப்பக்கம் மட்டும் வராது.

போன கார்த்திகையில் மகள்தான் கண்டுபிடித்தாள். கொய்யா மரத்தடியில் மேஸ்திரி விட்டுப்போன பெயின்ட் வாளி. பாதி மழைத்தண்ணீர், அடியில் மக்கிய இலை. வாளியின் உள்விளிம்பில், கைப்பிடி மாட்டும் இடத்துக்குக் கீழே, ஆம்லெட்டுக்கு அடித்ததை அப்பி வைத்தது போல வெள்ளை நுரை. எட்டடித் தொட்டி, அல்லி, செம்பருத்தி, மூங்கில் எல்லாம் பத்தடி தூரத்தில் இருக்கின்றன.

ஐந்தாம் நாள் சொட்ட ஆரம்பித்தன. வாளிக்குச் சரிவு ஏது? ஒரு முருங்கைக் குச்சியைச் சாய்த்துப் போட்டேன், ஏறிவர. கொஞ்சம் பாசியும் மக்கிய இலையும் தொட்டியிலிருந்து எடுத்துப் போட்டேன். இந்தத் தலைப்பிரட்டைகள் கரையேற ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும்.

மார்கழியில் மேஸ்திரி வந்தார். பக்கத்துத் தெருவில் வேலையாம். தொட்டிச் சரிவை ஒரு பார்வை பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போனார்.

“சார், நம்ம வாளி…”

“பொங்கல் கழிச்சு வாங்க மேஸ்திரி” என்றேன்.